காயலான் கடைக்குத் தப்பிய கப்பல்கள், தெரியுமா?

தன் காலத்தில் உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல். வேகத்திலும் அதை மிஞ்ச ஆளில்லை. நாலரை அங்குல இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் பதினெட்டு அங்குலத் தேக்கு. 1861-ல் அது கடலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் கடற்படைக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்பேர்ப்பட்ட கப்பல் கடைசியில் ஐம்பது வருஷம் பெட்ரோல் பங்க் வேலை பார்த்தது தெரியுமா?

பெயர் ஹெச்.எம்.எஸ். வாரியர். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ட்ஸ்மத்துக்கு ரயிலில் போய்த் துறைமுக ஸ்டேஷனில் இறங்கினால், பிளாட்பாரமே தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. வெளியே வந்ததும் கண்ணில் படுகிற நீளமான கறுப்புக் கப்பல்தான் வாரியர். அங்கே தொடங்கி, கடற்படைத் தளத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கரையோரமாகவே நடந்தால் சவுத்சீ கோட்டை வரைக்கும் போய்விடலாம். ஐந்நூறு வருஷக் கடற்படைச் சரித்திரம் காலடியில் கிடக்கும். ஆனால் அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்தக் கரையில் நாம் பார்க்கிற கப்பல்களில் ஒன்றுகூடத் தன் வீரத்தால் மட்டும் பிழைத்ததில்லை. ஒன்று மூழ்கிப் பிழைத்தது, ஒன்று விலை போகாமல் பிழைத்தது, ஒன்று எடுபிடி வேலை செய்து பிழைத்தது. எதிரியின் பீரங்கிக்குத் தப்புவது சுலபம் போலிருக்கிறது. காயலான் கடைக்குத் தப்புவதுதான் கஷ்டம்!

வாரியர் பிறந்ததே ஒரு கூத்து. 1860 டிசம்பர் 29, லண்டனில் தேம்ஸ் கரை. ஆற்றில் இறக்கப் போகிறார்கள், கப்பல் நகரவே இல்லை. காரணம், குளிர்! சாய்தளத்தோடு சேர்ந்து உறைந்து போயிருக்கிறது. இழுவைப் படகுகள் இழுத்தன, நீரழுத்த எந்திரங்கள் தள்ளின. போதவில்லை. கடைசியில் தொழிலாளர்களை மேல்தளத்தில் ஏற்றி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் என்று கும்பலாக ஓடவிட்டார்கள். கப்பலை ஆட்டி ஆட்டித்தான் பனிப்பிடியிலிருந்து விடுவித்தார்கள். எழுநூறு பேர் வேலை செய்த அந்தக் கப்பலில் கையால் சுற்றுகிற சலவை இயந்திரம்கூட இருந்தது. ஆனால் அது ஒரு சண்டையில்கூட ஒரு குண்டும் சுட்டதில்லை. இப்படி ஒரு கப்பல் இருக்கிறது என்று தெரிந்ததே எதிரிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பத்துப் பதினைந்து வருஷத்தில் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது. 1920-களில் பழைய இரும்பு விலைக்கு விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. சரி, கிடக்கட்டும் என்று 1929-ல் வேல்ஸ் பக்கம் பெம்ப்ரோக் டாக்குக்கு இழுத்துப் போய், மேலே கான்கிரீட் போட்டு, எண்ணெய்க் கப்பல் துறையாக்கிவிட்டார்கள். சுமார் 5,000 கப்பல்கள் அதன் பக்கத்தில் வந்து நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அவற்றில் எத்தனை மாலுமிகளுக்குத் தாங்கள் எதன் மேல் கயிறு கட்டுகிறோம் என்று தெரிந்திருக்கும்? 1979-ல் வடகிழக்கே ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய் எட்டு வருஷம் பழுதுபார்த்து, 1987 ஜூனில் போர்ட்ஸ்மத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1987 என்ற வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தளத்துக்குள் போனால் ஹெச்.எம்.எஸ். விக்டரி. 1765-ல் கட்டி முடித்து நீரில் இறக்கிய கப்பல், இன்றைக்கும் பிரிட்டிஷ் கடற்படையின் பணிப் பட்டியலில் இருக்கிறது தெரியுமா? உலகத்தில் இத்தனை வயதில் பணியில் இருக்கும் போர்க்கப்பல் வேறு கிடையாது. சுமார் 6,000 மரங்கள் வெட்டிக் கட்டியது, பெரும்பாலும் ஓக். 1805 அக்டோபர் 21-ஆம் தேதி டிரஃபால்கர் சண்டையன்று 104 பீரங்கிகளும் 821 ஆட்களும் இதில் இருந்தார்கள். அட்மிரல் நெல்சன் குண்டடி பட்டு விழுந்த இடத்தில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். உடலை இங்கிலாந்து கொண்டுவந்து சேர்க்கும் வரைக்கும் கெட்டுப்போகாமலிருக்கப் பிராந்திப் பீப்பாயில் ஊறவைத்த கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள்.

கேட்டிராத கதை ஒன்று. அந்தச் சண்டையில் விரிந்திருந்த விக்டரியின் பாய் ஒன்று இன்னமும் இருக்கிறது தெரியுமா? முன் பாய்மரத்தின் மேல்பாய். டிரஃபால்கர் சண்டையைப் பார்த்த பாய்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். சுமார் 90 ஓட்டைகள். சில ஓட்டைகள் விரல் நுழையும் அளவு, சில ஆளே நுழையும் அளவு. இந்தப் பொக்கிஷம் எங்கே கிடந்தது தெரியுமா? கடற்படை முகாமில், தூக்கிப்போட்ட உடற்பயிற்சிச் சாமான்களுக்கு அடியில்! 1960 வாக்கில்தான் யாரோ கவனித்திருக்கிறார்கள்.

விக்டரிக்கும் காயலான் கடைக் கண்டம் வந்தது. 1830-களில் உடைத்துவிடலாம் என்று பேச்சு. டிரஃபால்கரில் அதே கப்பலின் கேப்டனாக இருந்த தாமஸ் ஹார்டிதான் அப்போது கடற்படைத் தலைமைப் பொறுப்பில். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாராம், மனைவி அழுத அழுகையில் திரும்பி ஓடிவந்து ரத்து செய்தாராம். இது செவிவழிக் கதைதான், ஆனாலும் போர்ட்ஸ்மத்தில் இதைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது. கதை கிடக்கட்டும், 1903-ல் நடந்தது பதிவான சம்பவம். நெப்டியூன் என்ற பழைய போர்க்கப்பலை உடைப்பதற்காக இழுத்துப்போகும்போது கயிறு அறுந்தது. அது நேரே வந்து விக்டரியின் விலாவில் இடித்து ஓட்டை போட்டது. காயலான் கடைக்குப் போகிற கப்பல், போகிற போக்கில் இன்னொன்றையும் துணைக்குக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறது! 1922-ல் உலர்துறைக்குள் ஏற்றினார்கள், அதிலிருந்து தரையில்தான் நிற்கிறது. 1941-ல் அந்தத் துறைக்குள்ளேயே ஜெர்மன் குண்டு விழுந்தது, அதற்கும் தப்பியது. தண்ணீரில் மிதக்க வேண்டிய உடம்பைத் தரையில் நிறுத்தினால் தன் கனத்தாலேயே தொய்யும் அல்லவா? அதனால் இப்போது 134 உருக்குத் தாங்கிகள் அடியில் நிற்கின்றன. எந்தத் தாங்கியின் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதை ஒவ்வொன்றும் அளந்து சொல்கிறது. கடல் தாங்குவது போலவே தாங்கவைக்கும் ஏற்பாடு.

பக்கத்துத் துறையில் ஹெச்.எம்.எஸ். எம்.33. 1915-ல் ஏறக்குறைய ஏழே வாரத்தில் கட்டி முடித்து கலிபோலி சண்டைக்கு அனுப்பியது. அப்புறம் மிதக்கும் பட்டறை, மிதக்கும் ஆபீஸ் என்று காலத்தைத் தள்ளியது. இதை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு நேரே மேரி ரோஸுக்கு வாருங்கள். நேரம் முழுவதும் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

1545 ஜூலை 19. படையெடுத்து வந்த பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்கொள்ள எட்டாம் ஹென்றியின் கப்பல்கள் கிளம்புகின்றன. ராஜா கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணெதிரிலேயே மேரி ரோஸ் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பீரங்கிக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. எதிரி ஏறி வராமலிருக்கத் தளத்துக்கு மேலே கட்டியிருந்த வலையில் சொந்த ஆட்களே சிக்கிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய 500 பேரில் பிழைத்தவர்கள் 35 பேர்கூட இல்லை.

வலது பக்கம் சேற்றில் புதைந்தது. காற்று புகாத சேறு, புழுவும் நுண்ணுயிரும் மரத்தைத் தின்ன முடியவில்லை. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இடது பக்கம் அரித்துப்போனது. அதனால்தான் அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது பாதிக் கப்பல். நெடுக்குவாட்டில் பிளந்து உள்ளே காட்டுகிற மாதிரி. கட்டட வரைபடத்தை முழு அளவில் எழுப்பி வைத்தது போலத் தளம் தளமாகத் தெரியும்.

1836-ல் ஒரு விசித்திரம் நடந்தது தெரியுமா? 1782-ல் இதே கடலில் ராயல் ஜார்ஜ் என்ற பெரிய கப்பல் நங்கூரமிட்டு நின்ற இடத்திலேயே மூழ்கி, பார்க்க வந்திருந்த பெண்கள், குழந்தைகள் உட்படச் சுமார் 900 பேர் இறந்திருந்தார்கள். முக்குளிக்கும் தலைக்கவசத்தை உருவாக்கிய டீன் சகோதரர்கள் அந்தக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் மீனவர்களின் வலை எதிலோ மாட்டிக் கிழிந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று இவர்களைக் கூப்பிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் மேரி ரோஸ்! சில பீரங்கிகளை மேலே கொண்டுவந்தார்கள், பிறகு இடத்தையே எல்லாரும் மறந்துபோனார்கள். மறுபடி தேடிப் பிடிக்க 1971 ஆனது. பத்திரிகையாளர் அலெக்சாண்டர் மெக்கீ விடாமல் தேடியதன் பலன். தொல்லியலாளர் மார்கரெட் ரூல் தலைமையில் ஏறக்குறைய 28,000 முறை முக்குளித்து, 1982 அக்டோபர் 11-ஆம் தேதி தூக்கினார்கள். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு, கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தூக்கும் சட்டத்தின் ஒரு மூலையில் உருக்கு ஆணி விட்டுக்கொடுத்து ஒரு மீட்டர் போலத் தடாலென்று இறங்கியது! கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் உயிர் போய் வந்தது.

தூக்கியதோடு முடியவில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் ஊறிய மரம் சட்டென்று காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும். முதலில் வருஷக்கணக்கில் குளிர்ந்த தண்ணீர் தெளித்தார்கள். 1994-லிருந்து மெழுகு மாதிரியான ஒரு ரசாயனக் கரைசல். மரத்தின் நுண்ணறைகளில் தண்ணீர் இருந்த இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் காய்ந்தாலும் அறைகள் சரியாது. 2013-ல்தான் குழாயை மூடினார்கள். முப்பது வருஷக் குளியல்!

இதெல்லாம் பெரிய விஷயம். என்னை நகரவிடாமல் நிறுத்துவது சின்ன விஷயங்கள்தான். கப்பலிலிருந்து மொத்தம் 19,000-க்கு மேல் பொருள் கிடைத்தது. அதில் எண்பதுக்கு மேல் மரச் சீப்புகள். ஒரு பக்கம் பல் அகலம், இன்னொரு பக்கம் நெருக்கம், நம் வீட்டுப் பேன் சீப்பேதான். அந்த நெருக்கமான பக்கத்தின் பல்லிடுக்கில் என்ன இருந்தது தெரியுமா? பேன். 1545-ஆம் வருஷத்துப் பேன்! ராஜாவின் பெருமை, பிரெஞ்சுப் படையெடுப்பு எல்லாம் ஒரு பக்கம். அன்றைக்குக் காலையில் எவனோ ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு சீவியிருக்கிறான்.

வைத்தியரின் பெட்டி கிடைத்தது. மிளகு மணிகள் கிடைத்தன. ஐரோப்பாவுக்கு மிளகு அந்நாளில் பெரும்பாலும் நம் மேற்குக் கரையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தச்சன் அறைக் கதவருகே ஒரு நாயின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. இரண்டு வயதுகூட ஆகாத குட்டை நாய். ஹாட்ச் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். எலியின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன, ஆக நாய்க்கு வேலை இருந்திருக்கிறது. முழுசாக 137 நெடுவில்கள், ஆயிரக்கணக்கில் அம்புகள். அந்தக் கால ஆங்கில வில் எப்படி இருக்கும் என்பதே இந்தக் கப்பல் வந்த பிறகுதான் உருப்படியாகத் தெரிந்தது. வில்லை இழுத்து இழுத்துத் தோள்பட்டை எலும்பு ஒன்றுசேராமல் பிரிந்தே நின்றுவிட்ட மனிதர்களையும் எலும்புக்கூடுகளில் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

மேரி ரோஸ் மேலே வந்த அடுத்த மாதமே, 1982 நவம்பரில், இன்னொரு கப்பலும் கடலடியிலிருந்து வந்தது தெரியுமா? அதைப் பார்க்க ஃபெரி பிடித்து எதிர்க்கரை காஸ்போர்ட் போக வேண்டும், சில நிமிஷப் பயணம். பிரிட்டனின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் ஹாலண்ட் 1. 1901-ல் நீரில் இறக்கியது. எட்டுப் பேர், ஒரு பெட்ரோல் எஞ்சின், கூண்டில் வெள்ளைச் சுண்டெலிகள். பெட்ரோல் புகை கசிந்தால் முதலில் மயங்குவது எலி. அதைப் பார்த்து மனிதர்கள் மேலே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1913-ல் உடைப்பதற்கு விற்றார்கள். இழுத்துப் போகும் வழியில் மூழ்கிவிட்டது. நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கித் தப்பிப்பது நியாயம்தானே!

மறுபடி போர்ட்ஸ்மத் கரைக்கு வந்தால், கடற்படைத் தளத்தின் உள்பகுதியில் ஒரு செங்கல் கட்டடம் உண்டு. பொதுவாக உள்ளே விடமாட்டார்கள், ஆனால் எஞ்சினியரிங் படித்தவர்கள் வெளியிலிருந்தாவது ஒரு கும்பிடு போட வேண்டிய இடம். பாய்மரக் கப்பலில் கயிறு ஓடக் கப்பி வேண்டும், பெரிய கப்பல் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கில். கடற்படைக்கு வருஷம் ஒரு லட்சம் கப்பி தேவைப்பட்டது, பெரும்பாலும் கையால் செதுக்கியது. பிரான்ஸிலிருந்து தப்பி வந்த மார்க் புரூனல் வரைந்து கொடுக்க, ஹென்றி மாட்ஸ்லே இரும்பில் 45 இயந்திரங்கள் செய்தார். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். 1808-ல் வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள். ஒரே பொருளை வரிசையாக இயந்திரங்களே செய்து தள்ளும் முறை உலகத்தில் உருப்பெற்ற முதல் இடங்களில் ஒன்று இது. டிரஃபால்கருக்குக் கிளம்பிய அன்று காலை, 1805 செப்டம்பர் 14, நெல்சன் இதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தளத்தை விட்டு வெளியே வந்து தெற்கே நடந்தால் கன்வார்ஃப் கீஸ். கடை, சாப்பாடு, கூட்டம், 170 மீட்டர் உயர ஸ்பின்னக்கர் கோபுரம். இந்த ஷாப்பிங் வளாகம் முன்னாளில் வெர்னன் என்ற கடற்படைப் பள்ளி, கண்ணிவெடிக்கும் டார்பிடோவுக்கும். 1939 நவம்பரில் தேம்ஸ் முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு ஜெர்மன் காந்தக் கண்ணிவெடி விழுந்து கிடந்தது. எந்தக் கப்பலும் தொடாமலே, மேலே கடந்துபோகும் உருக்கின் காந்தப்புலத்தை உணர்ந்தே வெடிக்கிற சாதனம். வெர்னனைச் சேர்ந்த ஜான் ஔவ்ரி காந்தத்துக்கு அசையாத பித்தளைக் கருவிகள் செய்துகொண்டு போய் அதைப் பிரித்தார். ரகசியம் தெரிந்ததும் கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓடவிட்டுக் காந்தப்புலத்தை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே ஷூ வாங்குகிறார்கள்.

இங்கிருந்து நடைபாதைக் கல்லில் சங்கிலி வடிவம் பதித்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். அது சும்மா அலங்காரம் இல்லை. துறைமுக வாயில் மிகவும் குறுகல். முற்காலத்தில் இந்தக் கரையின் வட்டக் கோபுரத்திலிருந்து எதிர்க்கரைக்கு உண்மையாகவே இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள். எதிரி வந்தால் இழுத்து உயர்த்திக் கதவடைத்துவிடுவார்கள்! கோபுரம் 1418-ல் தொடங்கியது. மேலே ஏறி நின்றால் பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பல்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் நுழைவதைப் பார்க்கலாம். 1757-ல் இதே துறைமுகத்தில் அட்மிரல் ஜான் பிங்கைச் சொந்தக் கடற்படையே சுட்டுக் கொன்றது. குற்றம், மினோர்கா தீவைக் காப்பாற்ற முழு முயற்சி எடுக்கவில்லை என்பது. கொஞ்சம் தள்ளிச் சங்கிலிக் கண்ணிகள் போல ஒரு சிற்பம். 1787 மே 13-ஆம் தேதி கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு முதல் பதினொரு கப்பல்கள் கிளம்பியதன் ஞாபகம். இதன் ஜோடி சிட்னியில் இருக்கிறது.

அடுத்து, ஒரு பகுதிக்குக் கூரையில்லாத தேவாலயம். 1941 குண்டுவீச்சில் கூரை போனது. 1662 மே 21-ஆம் தேதி இந்த வளாகத்தில்தான் இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்கும் போர்ச்சுக்கல் இளவரசி காதரீனுக்கும் கல்யாணம். அதற்கென்ன என்கிறீர்களா? சீர்வரிசையில் வந்தது என்ன தெரியுமா? பம்பாய்! ராஜா அதைப் பராமரிக்கக் கையாலாகாமல் 1668-ல் வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய கட்டம். அந்தப் பம்பாயில் பார்சி இனத்து வாடியா குடும்பம் கப்பல் கட்டியது. மலபார்த் தேக்கில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கைவண்ணத்தில், 1817 அக்டோபர் 12-ஆம் தேதி நீரில் இறங்கியது ஒரு போர்க்கப்பல். அடிக்கட்டையில் சம்பிரதாயப்படி வெள்ளி ஆணி அறைந்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஆமாம், நம் திருகோணமலை! 1782-ல் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரேனும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று நம் கடலெல்லாம் மோதிவிட்டு, செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே மறுபடி மோதினார்கள். அந்தச் சண்டையின் ஞாபகமாக வைத்த பெயர். இந்தக் கப்பலுக்கான முதல் வரைபடங்கள் பம்பாய் வந்து சேரவே இல்லை. அவற்றைக் கொண்டுவந்த கப்பலை 1812-ல் அமெரிக்கர்கள் பிடித்துவிட்டார்கள்!

1819-ல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் பாய்மரம் கழற்றி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சும்மா நிறுத்திவைத்தார்கள். 1897-ல் உடைப்பதற்கு விற்றேவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து வீட்லி காப் என்ற பணக்காரர் பையன்களுக்குப் பயிற்சி தர ஒரு கப்பல் தேடிக்கொண்டிருந்தார், அவருடைய பழைய கப்பல் புயலில் போய்விட்டிருந்தது. அவர் வாங்கி, பழைய கப்பலின் பெயரான ஃபூத்ரவாயன் என்பதையே இதற்கும் வைத்தார். இப்படித் திருகோணமலை என்ற பெயரையே இழந்து, 1932 முதல் இந்தப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் பள்ளிக்கூடமாக நின்றது. இப்போது 1987-க்கு வாருங்கள். வாரியர் ஹார்ட்டில்பூலிலிருந்து போர்ட்ஸ்மத் வந்த அடுத்த மாதமே, இது போர்ட்ஸ்மத்திலிருந்து ஹார்ட்டில்பூலுக்குப் போனது. அதே ஊரில் பழுதுபார்த்தார்கள், 1992-ல் பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது. இன்றைக்கும் அங்கே தண்ணீரில் மிதக்கிறது. மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது இதுதான். விக்டரி தரையில் நிற்கிறது, நம்ம தேக்கு தண்ணீரில் நிற்கிறது. இதில் கொஞ்சம் பெருமைப்பட்டால் தப்பில்லை.

ஆனால் இதன் பக்கத்திலேயே நின்ற கூட்டாளிக்கு அதிர்ஷ்டம் இல்லை. டிரஃபால்கரில் பிரெஞ்சுக்காரர் பக்கம் சண்டையிட்டுத் தப்பி, இரண்டு வாரத்தில் பிடிபட்டு, இம்ப்ளாக்கபிள் என்று பெயர் மாறிய கப்பல் அது. டிரஃபால்கரைப் பார்த்தவற்றில் விக்டரிக்கு அடுத்தபடியாக மிஞ்சியிருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம், கையில் காசில்லை. பிரான்ஸுக்குத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். 1949 டிசம்பர் 2-ஆம் தேதி இரு நாட்டுக் கொடியையும் ஏற்றிக் கடலுக்கு இழுத்துப்போய் வெடி வைத்தார்கள். அடிப்பாகம் பிய்ந்து போன பிறகும் மூன்று மணி நேரம் மூழ்க மறுத்து மிதந்தது. இந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிப்பை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

சவுத்சீ கடற்கரை இங்கிருந்து விரிகிறது. நெல்சன் கடைசியாக இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தது இந்தக் கரையில்தான். வழக்கமான படித்துறையில் கூட்டம் நெரித்ததால் இந்தப் பக்கமாக வந்து படகேறினார். ஐல் ஆஃப் வைட் தீவுக்கு ஹோவர்கிராஃப்ட் பறக்கிற சத்தம் கேட்கும். வருஷம் முழுக்கப் பயணிகளை ஏற்றும் ஹோவர்கிராஃப்ட் சேவை உலகத்தில் இப்போது மிக அபூர்வம். கடற்படை நினைவுத்தூணில் கல்லறையே இல்லாமல் கடலில் போன சுமார் 24,500 பேரின் பெயர்கள். அதைத் தாண்டினால் 1544-ல் கட்டிய சவுத்சீ கோட்டை, மேரி ரோஸ் மூழ்குவதை ஹென்றி பார்த்த இடம்.

கோட்டைக்குப் பக்கத்தில் நிழற்கூரைக்குக் கீழே தட்டையான ஒரு சாம்பல் நிறக் கப்பல் நிற்கும், பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். எல்.சி.டி. 7074. 1944 ஜூன் 6 நார்மண்டிப் படையெடுப்பில் கரையில் டாங்கிகளை இறக்க இப்படிச் சுமார் 800 கப்பல்கள் போயின. அவற்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். பத்து டாங்கிகளைக் கோல்ட் கடற்கரையில் இறக்கியது. போர் முடிந்ததும் என்ன ஆனது தெரியுமா? லிவர்பூல் பக்கம் இரவு விடுதி! குண்டு மழைக்கு நடுவே நின்ற தளத்தில் குடியும் கும்மாளமும். அப்புறம் கேட்பாரற்றுப் பர்க்கன்ஹெட் துறையில் மூழ்கி, 2014-ல் தூக்கப்பட்டு, 2020-ல் இங்கே வந்து சேர்ந்தது. முன்பக்கச் சாய்வுப் பலகை வழியாக உள்ளே நடந்து போகலாம். ஒரு ஷெர்மன் டாங்கியையும் ஒரு சர்ச்சில் டாங்கியையும் உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள்.